ஆப்பில் பழகியவரைக் காட்டேஜில் சந்திக்கலாமா?

கேள்வி: மேடம், எனக்கு வயது 29. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். குன்னூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. வீட்டில் மூன்று வருடமாக வரன் பார்த்தும் எதுவும் அமையவில்லை. கோவையில் இருக்கும் கல்லூரித் தோழி சொல்லி ஒரு டேட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். முதலில் தேடும் தூரத்தை 10 கிலோமீட்டர் என்று வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனும், பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த சாரும் வந்து நின்றார்கள்! பயந்துபோய் அழித்துவிட்டேன். பிறகு 80 கிலோமீட்டர் வைத்து, வயது 26, ஊர் கோவை என்று போட்டு மறுபடி சேர்ந்தேன். அதில் அறிமுகமானவர் இவர். வயது 33, கோவையில் ஐடி வேலை. நான்கு மாதமாகப் பேசுகிறோம். என் ஊரைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டேன், வயதை இன்னும் சொல்லவில்லை. என்னை இவ்வளவு புரிந்துகொண்டவர் யாருமில்லை. வீடியோ காலில் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். கேட்டால் உங்கள் ஊரில் டவர் இல்லை என்பார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரவு எட்டு மணிக்கு மேல் பேச மாட்டார். ஒருமுறை அவசரம் என்று 15,000 ரூபாய் கேட்டார், பத்தே நாளில் திருப்பித் தந்துவிட்டார். போட்டோ கேட்டுக்கொண்டே இருப்பார், சாதாரணப் படங்கள்தான் அனுப்பியிருக்கிறேன். இப்போது நேரில் வருகிறேன் என்கிறார். ஊர்க்கண்ணில் படாமல் இருக்கக் கோத்தகிரிக்கு வெளியே ஒரு காட்டேஜ் பார்த்து வைத்திருக்கிறாராம். நீலகிரிக்குள் கார் வர இ-பாஸ்கூட எடுத்துவிட்டாராம். யாராவது பார்த்தால் அப்பா தலைநிமிர்ந்து நடக்க முடியாது, அதனால் காட்டேஜ்தான் நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் என்னவோ உறுத்துகிறது. அவர் வேறு சாதி. போகலாமா? வீட்டில் எப்போது சொல்வது?

பதில்: அன்புள்ள கோத்தகிரி வாசகிக்கு,

காட்டேஜுக்குப் போக வேண்டாம். அவர் வரும் தேதிக்கு முன்னால் இந்தப் பதில் உங்கள் கண்ணில் படுமோ படாதோ என்ற பதற்றத்தில் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

அவரைச் சந்திக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆப்பில் பழகினாலே கெட்டுப்போய்விடுவார்கள் என்று நினைக்கிற ஆளும் நானில்லை. குன்னூரில் இருபது வருடமாக ஆலோசனைக்கு உட்காருகிறேன். பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்துவைத்த கல்யாணத்திலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆப்பில் பார்த்துக் கட்டிக்கொண்டு, இப்போது பிள்ளைக்கு எல்கேஜி சீட் கிடைக்குமா என்பதைத் தவிர வேறு கவலை இல்லாதவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் என் குறையே வேறு. நான்கு மாதம் சந்திக்காமலேயே பேசிக்கொண்டிருந்தீர்கள், பாருங்கள், அதுதான்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் எளிதாக நடந்துவிடுகிறது. ஆப் காட்டும் தூரம் காக்கை பறக்கிற தூரம். கோத்தகிரிக்கும் கோவைக்கும் நேர்கோடு போட்டால் ஐம்பது கிலோமீட்டர்கூட வராது. மேட்டுப்பாளையம் இறங்கிப் போனால் ஏறக்குறைய எழுபது. கொண்டை ஊசி வளைவும் லாரியும் சேர்ந்தால் இரண்டரை மணி நேரம். "பக்கத்தில்தானே இருக்கிறார்" என்று திரை சொல்லும். வாரக் கடைசியில் கீழே போய்வரக் கால் வராது. சரி, போனிலேயே பேசலாம் என்று ஆகிவிடுகிறது. உள்ளூரிலேயே தேடலாமென்றால் பக்கத்து வீட்டுப் பையன். சீசனில் தேடினால் திங்கட்கிழமை ஊரைக் காலி செய்துவிடுகிற டூரிஸ்ட். எண்பது கிலோமீட்டர் வைத்ததில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"என்னை இவ்வளவு புரிந்துகொண்டவர் யாருமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உணர்வைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பாதியை உண்டாக்கியது அவரா, போனா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜோசப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996-லேயே, அதாவது மின்னஞ்சல் காலத்திலேயே, இதைப் பற்றி எழுதினார். முகம் பார்க்காமல் எழுத்திலேயே பழகுகிறவர்கள் சில சமயம் நேரில் பழகுகிறவர்களைவிட வேகமாக நெருங்கிவிடுகிறார்கள் என்பது அவர் கருத்து. எழுதுகிறவர் தன்னிடம் உள்ள நல்லதைப் பொறுக்கியெடுத்து எழுதுகிறார், அடித்துத் திருத்தவும் நேரம் இருக்கிறது. படிக்கிறவரோ தெரியாத இடத்தையெல்லாம் தனக்குப் பிடித்தபடி நிரப்பிக்கொள்கிறார். என்னிடம் வந்த ஒரு பெண், அவளுடைய ஆள் அனுப்பிய ஒரே ஒரு "ம்" எழுத்தைக் காட்டி, அதற்குள் எவ்வளவு வலி இருக்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினாள். பிறகு விசாரித்தால், அந்தப் பையன் பர்லியார் பக்கம் பைக்கை ஓரங்கட்டி, ஒரு கையில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு அனுப்பியது அது. மழை வந்துகொண்டிருந்ததாம், அவ்வளவுதான்.

ஆகவே நான்கு மாதப் பேச்சை வைத்து அவர் நல்லவர் என்றும் முடிவு செய்ய முடியாது, கெட்டவர் என்றும் முடிவு செய்ய முடியாது. இனி யாருக்காவது இந்தக் கேள்வி வந்தால் நான் சொல்வது: இரண்டு மூன்று வாரம் எழுத்தில் பேசுங்கள், நடுவில் ஒரு வீடியோ கால், அதற்குள் மனம் ஒத்துவந்தால் ஒரு டீ. அதற்கு மேல் இழுத்தால் மனசுக்குள் வேறொரு ஆளை வளர்க்க ஆரம்பித்துவிடுவோம். நேரில் வருகிறவர் பாவம், அந்த ஆளோடு போட்டி போட வேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு முதலில் பட்டது, அதில் மூன்றாவது மனிதர் ஒருவர்கூட இல்லை என்பது. அவர், நீங்கள், நடுவில் போன். ஆப்பைப் போடச் சொன்ன தோழிக்குக்கூட இப்போது நடப்பது தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் வரன் வந்தால் என்ன செய்வார்கள்? பையன் வீட்டுத் தெருமுனைப் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்குகிற சாக்கில் மாமா போய் நிற்பார். "அந்தப் பச்சை கேட் வீடு, அந்தப் பையன் எப்படிங்க?" கடைக்காரர் ஒரு நொடி யோசித்துவிட்டு "நல்ல பையன்தானுங்க" என்பார். அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிடும். அந்த முறையில் ஆயிரம் கோளாறு உண்டு. சாதியைக் காவல் காத்ததே அந்தப் பெட்டிக்கடைதான். இருந்தாலும் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அவரல்லாத இன்னொருவரிடம் உரசிப் பார்க்கிற பழக்கம் அதில் இருந்தது. ஆப்பில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை, நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

செய்வது பெரிய துப்பறியும் வேலை ஒன்றுமில்லை. அவருக்கு 15,000 ரூபாய் அனுப்பினீர்கள் அல்லவா? கூகுள் பே, போன்பே மாதிரி எதில் அனுப்பியிருந்தாலும் வங்கிக் கணக்கில் இருக்கிற பெயர் அதில் காட்டியிருக்கும். பழைய பரிவர்த்தனையை எடுத்துப் பாருங்கள். அவர் சொன்ன பெயர்தானா? வேறு ஆளுடைய கணக்கா? பெண் பெயர் ஏதாவது இருக்கிறதா? அடுத்து, அவருடைய படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். ஏதாவது மாடலின் படமாகவோ வேறு பெயரில் இருக்கிறவராகவோ இருந்தால் தெரியவரலாம். வராவிட்டால் அதனாலேயே உத்தமர் என்று ஆகிவிடாது, அதையும் நினைவில் வையுங்கள். பிறகு அந்தத் தோழியிடம் கம்பெனிப் பெயரைச் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள். கோவையில் ஐடி ஆட்களுக்குள் இரண்டு கை தாண்டினால் தெரிந்தவர் ஒருவர் கிடைப்பார். இதெல்லாம் அவரை அவமானப்படுத்துவது ஆகாதா என்று உங்களுக்குத் தோன்றும். வீடு வாடகைக்கு எடுத்தாலே நான்கு பேரிடம் விசாரிக்கிறோம்.

இனி அந்த உறுத்தலுக்கு வருகிறேன்.

பணம் திருப்பித் தந்துவிட்டார், அதனால் நம்பலாம் என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே அவசரம் வந்து கேட்டிருக்கலாம். ஆனால் சிறிய தொகையை வாங்கி ஒழுங்காகத் திருப்பித் தந்து, அடுத்ததாகப் பெரிய தொகையைக் கேட்பது மோசடிக்காரர்களுக்குப் பழகிய வழி. பெரிய தொகை கடனாக வரவேண்டும் என்பதுகூட இல்லை. "ஒரு டிரேடிங் ஆப் இருக்கிறது, நான் போட்டு நல்லா வருகிறது, நீயும் போடு" என்று வரும். முதலில் லாபம் காட்டும், கொஞ்சம் எடுக்கவும் விடும். அப்பாவின் இலைக் காசு, உங்கள் நகைச்சீட்டு எல்லாம் உள்ளே போன பிறகு கதவு சாத்திக்கொள்ளும். இவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. திருப்பித் தந்த அந்த 15,000 ரூபாயை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். கல்யாணம் என்று ஒன்று உறுதியாகும் வரை இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். எப்போதாவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க விழித்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் சொன்னால் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. மறுநாள் சொன்னால் சிரமம்.

ஆனால் எனக்குப் பணத்தைவிட எட்டு மணிதான் உறுத்துகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத பிள்ளை இரவில் வெளியே வர முடியாமல் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "சாப்பிட்டாயா" என்று ஒரு வரி எழுதக்கூட முடியாதா? ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி? தீபாவளி, பொங்கல் அன்று பேசினாரா? அலுவலக நேரத்தில் தாராளமாகப் பேசிவிட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் காணாமல் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதாவது, அவர்களால் ஏமாந்தவர்களை. என் அறைக்கு வந்த ஆப் கதைகளில் கொள்ளைக்காரர்களைவிடக் கல்யாணமானவர்கள்தான் அதிகம். அவர்கள் பணம் கேட்பதில்லை, மிரட்டுவதில்லை, அன்பாகவே பேசுவார்கள். எல்லாம் நன்றாக இருக்கும், ஒரு பெண்டாட்டி இருப்பாள் என்பதைத் தவிர. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுங்கள்: "உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா? ஆகிப் பிரிந்திருக்கிறீர்களா?" கேட்டுவிட்டு, "இந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு வீடியோவில் அம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லட்டுமா" என்றும் கேளுங்கள். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான். டவர் இல்லை என்றால், குன்னூர் வந்து நல்ல சிக்னலில் நின்றுகொண்டு நீங்கள் கூப்பிடுங்கள். நம் பள்ளத்தாக்கில் டவர் போவது எனக்கும் தெரியும். நான்கு மாதத்தில் இரண்டே முறை மட்டும் டவர் கிடைத்தது என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

இவ்வளவு அவரைப் பற்றிப் பேசிவிட்டேன். இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு 29. ஆப்பில் 26. மூன்று வருடத்தை ஏன் குறைத்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. வரன் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வயதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவரும் ஏதோ ஒரு பயத்தில் எதையோ குறைத்தோ கூட்டியோ சொல்லியிருக்கலாம் அல்லவா? எல்லாப் பொய்யும் ஒரே எடை இல்லை. மூன்று வயதும் ஒரு மனைவியும் ஒன்றாகிவிடாது. இருந்தாலும் முதல் திருத்தம் உங்கள் பக்கமிருந்து வரட்டும். சந்திப்பதற்கு முன்பே, இன்றைக்கே எழுதுங்கள்: "என் வயது 29. பயத்தில் குறைத்துப் போட்டேன், மன்னியுங்கள். நீங்களும் ஏதாவது திருத்த வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடலாம்." பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சிரித்துவிட்டு "நானும் என் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டேன்" என்று எழுதுகிறவரோடு டீ குடிக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு, "பொய் சொன்னாய் அல்லவா, அப்படியானால் காட்டேஜுக்கு வந்து சமாதானம் செய்" என்கிறவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சந்திப்பு.

காட்டேஜ் உங்கள் மானத்தைக் காப்பாற்றும் என்று இருவரும் நினைக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். ஊருக்கு வெளியே, தேயிலைச் சரிவுக்கு நடுவே, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் ஒரு வீடு. உள்ளே போக ஒரு மண் சாலை. அவருடைய கார். உங்களுக்கு வண்டி இல்லை. போனில் ஒரு கோடுகூட சிக்னல் இருக்காது. யாரும் பார்க்கக் கூடாது என்று தேர்ந்தெடுத்த இடத்தில், ஒன்று நடந்தால் பார்க்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். போதாததற்கு, ரகசியமும் நிற்காது. அந்தக் காட்டேஜில் பெருக்குகிற அம்மா உங்கள் பக்கத்து ஊராக இருப்பார், கேட் திறக்கிற பையன் உங்கள் சித்தப்பாவின் தோட்டத்தில் வேலை செய்தவனாக இருப்பான். நம் மலையில் நான்கு சுவருக்குள் ஒருவரைச் சந்தித்தால் ஒரு கதை கட்டுவார்கள். நட்ட நடுப் பகலில் பார்க்கில் சந்தித்தால், மிஞ்சிப்போனால் ஒரு கேள்வி கேட்பார்கள். கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

என் யோசனை சிம்ஸ் பார்க். குன்னூர், கோத்தகிரி சாலையிலேயே இருப்பதால் உங்களுக்கு ஒரே பஸ். சனிக்கிழமை காலை பதினோரு மணி. டிக்கெட் வாங்கி உள்ளே போகும் இடம், குடும்பங்களும் குழந்தைகளும் நிறைய இருப்பார்கள். உள்ளே கீழே இறங்கிப் போய் மரத்தடி தேட வேண்டாம், மேலே வாசல் பக்கமாகவே நடங்கள். முக்கால் மணி நேரம் போதும். பிடித்திருந்தால் வெளியே வந்து ஒரு டீ, வர்க்கி. பிடிக்காவிட்டால் "அலுவலகத்தில் வேலை இருக்கிறது" என்று அடுத்த பஸ் ஏறலாம். முதல் சந்திப்பை முழு நாளாக வைக்காதீர்கள். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் மூன்றாவது மணி நேரத்தில் இருவருக்கும் பேச்சு வற்றிவிடும்.

அவரைக் காரில் வர வேண்டாம், பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இ-பாஸ் எடுத்துவிட்டேன், வீணாகிவிடும் என்கிற மாதிரி உங்களை அவசரப்படுத்துகிறார் என்று தெரிகிறது. 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதற்குக் காசு கிடையாது, வேறொரு தேதிக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் வருகிறவருக்கு அது தேவையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பஸ் நிறைய இருக்கிறது. மலை ரயிலில் வருகிறேன் என்றால் இன்னும் அழகு, ஆனால் டிக்கெட் குதிரைக் கொம்பு. கார் இல்லாவிட்டால் ஒரு பெரிய நன்மை உண்டு. "டால்பின் நோஸ் வரை ஒரு ரவுண்டு போய் வரலாமா, பத்துக் கிலோமீட்டர்தானே" என்ற பேச்சே எழாது. பழகிய பெண்ணைப் பார்க்க ஒருவர் வளைவு வளைவாகத் தலைசுற்றிக்கொண்டு பஸ்ஸில் வருவாரா மாட்டாரா என்பதும் தெரிந்துபோகும்.

உங்கள் பக்கத்தில் ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அக்கா, தங்கை, அலுவலகத் தோழி, யாராக இருந்தாலும் சரி. அவருடைய பெயர், நம்பர், படம் மூன்றையும் அவர்களுக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். வாட்ஸ்ஆப்பில் லைவ் லொகேஷன் எட்டு மணி நேரம் வரை பகிரலாம், ஆனால் நம் ஊரில் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும், நீங்கள் பழைய இடத்திலேயே நிற்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதைவிட நேரம் குறித்துச் சொல்லிவைப்பது நல்லது: "பன்னிரண்டு மணிக்கு நான் கூப்பிடவில்லையென்றால் நீ கூப்பிடு. நான் 'சக்கரை தீர்ந்துபோச்சா' என்று கேட்டால் உடனே கிளம்பி வா." சிரிப்பாக இருக்கும். ஒரு பெண் இதைச் சொல்லிவைத்துவிட்டு, நிஜமாகவே அம்மா சர்க்கரை கேட்டுக் கூப்பிட, தோழி ஆட்டோ பிடித்து மூச்சிரைக்க ஓடிவந்த கதையெல்லாம் என்னிடம் உண்டு.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? "தெரிந்தவருங்க, கோவையிலிருந்து வந்திருக்காரு." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அண்ணன் முறை, ஆபீஸ் வேலை என்று கதை கட்டினால்தான் மாட்டிக்கொள்வீர்கள். பேச்சைச் சுருக்கினால் கேட்கிறவருக்கே கூச்சம் வந்துவிடும். நீங்கள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும்.

போட்டோ விஷயம். சாதாரணப் படங்கள்தான் என்றீர்கள், நல்லது. அதிலும் வீட்டு வாசல், ஊர்ப் பெயர்ப் பலகை, கோயில், அலுவலக அடையாள அட்டை இருந்தால் இனி அனுப்ப வேண்டாம். பின்னால் தெரிகிற தண்ணீர்த் தொட்டியை வைத்தே எந்த ஊர், எந்த வீடு என்று சொல்லிவிடுகிறவர்கள் நம் ஆட்கள். அந்தரங்கமான படம் எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம், வீடியோ காலிலும் வேண்டாம். அதைப் பதிவு செய்து மிரட்டுகிறவர்கள் பெண்களை மட்டும் குறிவைப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிப் பையன் இப்படி மாட்டி, மூன்று தவணை பணம் கட்டிவிட்டு, நான்காவதற்கு அப்பாவின் கையெழுத்தைப் போட முயன்றபோது என்னிடம் வந்தான். கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள். இதைப் படிக்கிற வேறு யாராவது அந்த நிலையில் இருந்தால்: பணம் கொடுக்காதீர்கள். பேச்சுகளை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அந்த ஆளை பிளாக் செய்யுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில், பெண்கள் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். வயது வந்தவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை 2021-லிருந்து இருக்கிறது. அங்கே படத்தை நீங்கள் ஏற்ற வேண்டியதில்லை. படத்தின் ஒரு எண் அடையாளம் மட்டும் உங்கள் போனிலேயே உருவாகிப் போகும், அதில் சேர்ந்திருக்கிற தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைத் தடுக்கும். பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டும் படத்தை இணையத்தில் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் முதல் தடவைக்கே ஐந்தாண்டு வரை சிறை உண்டு. குற்றவாளி அவன், நீங்கள் இல்லை.

கடைசியாகச் சாதி, வீடு. ஒரே மூச்சில் இரண்டையும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள், அதனால் எவ்வளவு பயம் என்று தெரிகிறது. நான் சாதி பார்க்கிறவளில்லை, என் கல்யாணமும் அப்படி நடந்ததில்லை. ஆனால் உங்கள் அப்பாவோடு வாழப்போவது நானில்லை என்பதால் வீரவசனம் பேச மாட்டேன். இன்னும் நேரில் பார்க்காத ஒருவருக்காக இப்போதே வீட்டில் போர் தொடங்காதீர்கள். நான்கைந்து முறை நேரில் பாருங்கள். அவருடைய நண்பர் ஒருவரையாவது, முடிந்தால் அந்த அம்மாவையும், பாருங்கள். அவரும் உங்கள் அக்காவை, தோழியைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் இவர்தான் என்று தோன்றினால், முதலில் அப்பாவிடம் போகாதீர்கள். வீட்டில் அப்பா யார் பேச்சைக் கேட்பாரோ, அத்தையோ தாய்மாமாவோ, அவரிடம் போங்கள். அங்கே என்ன சொல்வது என்று தனியாக எழுதுங்கள், தனியாகப் பதில் சொல்கிறேன். சிறப்புத் திருமணச் சட்டம் என்று 1954-லிருந்து ஒன்று இருக்கிறது, சாதி மதம் கேட்காது. முப்பது நாள் நோட்டீஸ் காலம் உண்டு, அந்த நோட்டீஸை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுவார்கள் என்பதை மட்டும் இப்போதைக்குத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடி, பூட்டிவைப்பது, மிரட்டல் என்று போனால் பெண்கள் உதவி எண் 181. ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அவர் பஸ்ஸில் வர மறுத்து, எட்டரை மணி வீடியோவுக்கும் மறுத்து, "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால், ஒரே ஒரு வரி எழுதிவிட்டு விலகிவிடுங்கள்: "எனக்கு இது சரிப்படவில்லை, நன்றாக இருங்கள்." சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போக வேண்டாம். சொன்ன பிறகு விவாதத்துக்கும் நிற்க வேண்டாம். இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். போன் அதிரும்போதெல்லாம் கை போகும். அந்த இரண்டு வாரமும் மாலையில் தனியாக இருக்காதீர்கள்.

பின்குறிப்பு: அந்தக் கணக்கு சார் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் ஆச்சரியக்குறி போட்ட ஒரே இடம் அதுதான். அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா, ஆகி மனைவியை இழந்தவரா, தனியாள்தானா, நமக்குத் தெரியாது. அவரும் உங்களை அதில் பார்த்திருந்தால் இந்நேரம் உங்களைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருப்பார். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டால் எப்போதும் போல் "வணக்கம் சார்" சொல்லிவிட்டு உங்கள் பஸ்ஸைப் பிடியுங்கள்.